சிவப்பு வட்டத்துக்கு மேலே நாலு வரி

அத்தியாயம் 9

கேரியர்க்காரி கிளியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் படப்பையிலிருந்து ஒரகடம் வரை அவள் கூடையில் ஏறும் பதினெட்டு சாப்பாட்டுக் கேரியர்களில் ஒன்றுக்கும் பேர் கிடையாது. மூடியில் பெயின்ட்டால் ஓர் அடையாளம், அவ்வளவுதான். சேரப்பணஞ்சேரி அண்ணாதுரை வீட்டுக் கேரியருக்குச் சிவப்பு வட்டம்.

காலை பத்து மணிக்கு வாசலில் வந்து வாங்கிக்கொள்வாள். பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுக் கம்பெனி கேட்டில் பன்னிரண்டரைக்குள் அடுக்கிவிடுவாள். மூன்று மணிக்குக் காலிக் கேரியர் வீட்டுக்கு வந்துவிடும். இத்தனை வருஷத்தில் வட்டம் முக்கோணத்து வீட்டுக்குப் போனதில்லை. முக்கோணம் வட்டத்து வீட்டுக்கு வந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை, கேரியரை வாங்குவதற்கு முன்னால் கூடையின் அடியிலிருந்து நோட்டை உருவி சசிரேகாவின் கையில் திணித்தாள். எப்போதும் நோட்டைக் கொடுத்த கையோடு வெற்றிலை கேட்பாள். இன்று கேட்கவில்லை.

“இன்னா எழுதின நீ போன வாரம்?”

“எங்கம்மா சொன்னதத்தான் எழுதினேன்.”

“உங்கம்மாவா சொன்னா?” கிளியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “நீல முக்கோணத்து வூட்ல அந்தப் பொம்பள நோட்டத் திருப்பிக் குடுத்துட்டு, ‘இனிமே இத்த எட்த்துனு வராதக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும்’ன்றா. மூஞ்சி வீங்கிக் கெடக்குது. எனக்கு நோட்டுதான் படிக்க வராது. மூஞ்சி நல்லாப் படிப்பேன்.”

சசிரேகா நோட்டின் அட்டையை நகத்தால் சுரண்டினாள்.

“நாளைக்கு வெள்ளிக்கெழம. அவ மொற. நோட்டோட அவ வாசல்ல போயி நிக்கறதா, இல்ல இத்தோட கடைய மூடிடறதா? மூணு மணிக்கு வந்து கேப்பேன். நீயே சொல்லு. படிச்சவதானே!”

கூடை போய்விட்டது. நோட்டு கையில் இருந்தது.

சசிரேகா இந்தத் தெருவின் முதல் பட்டதாரி. பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. அப்பா அண்ணாதுரை, ஸ்டோர்ஸ் பிரிவில் ஹெல்பராக இருக்கிற அதே ஹெட்லைட் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்‌ஷன். வாய் நீளம். போன மாதம் லைன் சூப்பர்வைசரை நாற்பது பேர் எதிரில் கேள்வி கேட்டு மெமோ வாங்கியதும், அந்த மெமோவில் இருந்த மூன்று இங்கிலீஷ் தப்புகளைச் சிவப்பு மையால் திருத்தி அவரிடமே கொடுத்ததும் இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நோட்டின் கதையையும் ஒரு தடவை சொல்லிவிடலாம்.

பதினெட்டு வீடுகளில் ஐந்து வீடுகளில் யாரோ ஒருவர் அறைக்குள்ளேயே இருந்தார். பேச்சை நிறுத்திவிட்ட மருமகள். சுவரோடு சண்டை போடும் தம்பி. மனசு சரியில்லாத பிள்ளை. அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் கேரியரை நீட்டுகிற சாக்கில், “உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்” என்று கிளியம்மாளிடம் கொட்டினார்கள். வருஷக்கணக்காகக் கொட்டினார்கள். ஒரு நாள் அவளுக்கே தாங்கவில்லை.

“அஞ்சு பேரும் என் ஒருத்தி காதுலயே கொட்னா நான் எங்கடி போயிக் கொட்றது? ஒருத்திக்கு ஒருத்தி எழுதிக்கினு சாவுங்க!” என்று படப்பைக் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கூடையில் போட்டாள்.

ஐந்து வீட்டுக்கு ஐந்து நாள். காலையில் வந்தால் மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ராத்திரி எந்த வீட்டிலும் தங்கக் கூடாது. தங்கினால் ஆம்பிளைகள் படிப்பார்கள். பேர் எழுதக் கூடாது. ஊர் எழுதக் கூடாது. கடைசியில் கேரியர் அடையாளத்தைப் போட்டால் போதும். பைத்தியம் என்ற வார்த்தை நோட்டுக்குள் வரக் கூடாது. கேட்காமல் யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் போலீஸ்காரர்கள் கூடை கூடையாகக் கிளறிய நாட்களில்கூட நோட்டு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இத்தனை விதிகளையும் முதல் பக்கத்தில் முத்து முத்தாக எழுதித் தந்தது யார்? சாட்சாத் சசிரேகாதான்.

---

வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு லீவு. அதனால்தான் வியாழன் சிவப்பு வட்டத்தின் முறை. அம்மா சுந்தராம்பாளுக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. மகள் படிப்பாள், அம்மா கேட்பாள். அம்மா சொல்வாள், மகள் எழுதுவாள். எல்லாம் முடிந்ததும் அம்மா சிவப்புப் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கத்தின் அடியில் ஒரு கோணல் வட்டம் போடுவாள். அந்த வட்டம்தான் அவள் பேர்.

வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் சுந்தராம்பாள் பத்து மணிக்குள் வேலையெல்லாம் முடித்துக் குளித்துவிட்டு, தலையை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள். கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி. மூன்று வருஷமாக ஒரு கல்யாணத்துக்கும் போகாதவள். போனால் “பையன் எப்படி இருக்கான்?” என்று கேட்பார்களே, அதற்குப் பயந்து.

சசிரேகா அவசரமாக நோட்டைப் பிரித்தாள். போன வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மூன்றே வரி.

‘சிவப்பு வட்டம் அக்காவுக்கு. நீங்கள் சொன்னது உண்மைதான். இந்த நோட்டில் எழுத எனக்குத் தகுதி இல்லை. இனி எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் பிள்ளையாவது நன்றாக இருக்கட்டும்.’

கீழே நீல முக்கோணம். கடுகு அளவு.

அடுத்த பக்கம். சனிக்கிழமைக்காரி பச்சைக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் விட்டிருந்தாள். திங்கட்கிழமை மஞ்சள் நட்சத்திரம், ‘எனக்கும் எழுதப் பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமைப் பக்கம் காலி.

“முக்கோணம் இன்னா எழுதிகீது?” சுந்தராம்பாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள். “புள்ளைக்குத் தேவலையாமா?”

“ம். தேவலையாம். எல்லாரையும் கேட்டதாச் சொல்றாங்க.”

“அப்பறம்?”

“அவ்ளோதான்.”

“ஒரு பக்கத்துக்குக் கொறஞ்சு அவ எழுத மாட்டாளே!” அம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்கு எழுத்துதான் தெரியாது, கண் தெரியும். “மூணு வரிதான் கீது. முக்கோணம் ஏன் இத்தினிக்கூண்டு போட்டுகீறா? எப்பவும் கோபுரம் மாதிரி போடுவாளே!”

சசிரேகா நோட்டை மூடப் பார்த்தாள். அம்மா விடவில்லை. முன் பக்கத்தைப் புரட்டினாள். போன வாரத்துச் சிவப்பு வட்டம். அம்மாவின் விரல் அதன் மேலேயே நின்றுவிட்டது.

“நான் வட்டம் போடறப்ப மேல நாலு வெரக்கட எடம் வெறுமனே கெடந்திச்சி. இது இன்னாது?”

வட்டத்தின் தலையில் இடிக்கிற மாதிரி நாலு வரி நெருக்கமாக உட்கார்ந்திருந்தது.

“சசி. இது இன்னாதுன்னு கேட்டேன்.”

---

போன வாரத்துக்கு முந்தின வாரம் நீல முக்கோணம் எழுதியிருந்தாள்: மகன் மாத்திரையைத் துப்பிவிடுகிறான், அதனால் அவன் ரசத்தில் பொடி செய்து கலக்கிறேன், கலக்கும்போது கை நடுங்குகிறது, ரசம் நன்றாயிருக்கிறதென்று அவன் சொன்னால் எனக்கு அழுகை வருகிறது. யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

அதற்குச் சுந்தராம்பாள் சொல்லச் சொல்ல மகள் எழுதியது: ‘தங்கச்சி, எனக்கும் நடுங்கியிருக்குது. நீ அழுதுட்டு மூஞ்சி கழுவிக்க. நான் இங்க கீறேன்.’

அம்மா வட்டத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனதும், மிச்சம் இருந்த இடத்தில் மகள் தன் பங்குக்கு எழுதியது இது:

‘பெற்ற பிள்ளையின் சாப்பாட்டிலேயே திருட்டுத்தனம் செய்கிறவள் தாயா? இது துரோகம். அழுதால் சரியாகிவிடுமா? உங்களைப் போன்றவர்களுக்கு எதற்கு இந்த நோட்டு?’

“படி” என்றாள் அம்மா.

சசிரேகா படித்தாள். நீல முக்கோணத்தின் மூன்று வரியையும் படித்தாள். முதலில் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டாள்.

சுந்தராம்பாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

“கம்பெனிக்கு நெலம் வாங்க வந்தானே புரோக்கரு, ஞாபகம் கீதா? எங்கப்பன் வெறும் பேப்பர்ல கட்ட வெரல வெச்சாரு. அவன் ஊட்டுக்குப் போயி மேல எழுதிக்கினான்.” அம்மா நோட்டைத் தள்ளி வைத்தாள். “நீயும் அதத்தான் பண்ணிகீற.”

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தெருவில் எவர் வீட்டுக்குப் பத்திரம் வந்தாலும், “வெத்துப் பேப்பர்ல கை வெக்காதீங்க, எங்கிட்டக் குடுங்க” என்று பிடுங்கிப் படித்துக் காட்டுகிறவள் அவள். காலேஜுக்குப் போனதே அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள்.

“அவ இப்ப இன்னா நெனச்சிகினு கீறா? நான் சொன்னேன்னு. தடவிக் குடுத்துட்டு, குடுத்த கையாலயே அறஞ்சேன்னு. எனக்குன்னு இந்த ஊர் உலகத்துல ஒரு கூட்டாளி. மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது. அவளையும் வெரட்டிட்டியா?”

எழுந்து பின்பக்கம் போனாள். கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவும் சத்தம் கேட்டது.

---

“ஒரு ஸ்குரூ டிரைவர் குடு.”

ராஜசேகர் நடை ஓரத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, பக்கத்து வீட்டு மிக்ஸியை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தான். சசிரேகாவுக்கு அண்ணன். குன்றத்தூர் லேத் பட்டறையில் டர்னராக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், லேத் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று சொல்லிவிட்டு வந்து படுத்தவன். இப்போது மாத்திரை ஒத்துக்கொண்டிருக்கிறது. சத்தங்கள் அடங்கி, தெருவுக்கே மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி டாக்டராகிவிட்டான்.

சசிரேகா ஸ்குரூ டிரைவரை அவன் எதிரில் போட்டாள்.

“கொஞ்சம் மெதுவாப் போடு. மிக்ஸிக்கு ஏற்கெனவே ஒடம்பு சரியில்ல.”

அவள் சிரிக்கவில்லை.

“நாலு வரிதானே? நான் போன வாரமே படிச்சிட்டேன்.”

“நீ நோட்டப் படிக்கிறியா?”

“வாராவாரம். நீங்க ரெண்டு பேரும் குழாயடிக்குப் போற நேரத்துல. ராத்திரி ஆம்பளைங்க படிக்கக் கூடாதுன்னுதானே சட்டம்? நான் பகல்லயே படிச்சிடறேன்.”

அவன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் நீல முக்கோணத்தின் ரசத்தையும் படித்திருக்கிறான். துரோகம் என்று தான் எழுதியதையும் படித்திருக்கிறான்.

“அண்ணா. அந்த மோரு…”

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“மோர்ல கலந்தது நீன்னு. அம்மா நீட்டினாங்க, கலந்தது நீ. அன்னிக்கே தெரியும்.” ஒரு வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். “அம்மா பொடி பண்ணா தவிடு மாதிரி இருக்கும். அது பவுடர் மாதிரி இருந்திச்சி, ஒரு திப்பி இல்ல. கெமிஸ்ட்ரி படிச்ச கை.”

மூன்று வருஷமாக அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாதென்று அவள் நினைத்திருந்தது அது. மோரில் ஏதோ இருக்கிறது என்று அவன் கண்டுபிடித்த பிறகு நாற்பது நாள் வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. தோல் உரிக்காத வாழைப்பழம் மட்டும் தின்றான். தோலுக்குள் யாரும் எதையும் கலக்க முடியாது என்பது அவன் கணக்கு. பதினோரு கிலோ இளைத்தான். அந்த நாற்பது நாளும் சசிரேகா அம்மிக் குழவியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீல முக்கோணத்தை அவள் திட்டவில்லை. அடித்தது எங்கேயோ, கண்ணாடி உடைந்தது வேறு எங்கேயோ.

“ஏண்ணா எங்கிட்டக் கேக்கல?”

“கேட்டா நீ அழுவே. இல்லாட்டி என்ன அடிப்பே. ரெண்டுமே எனக்கு ஆவாது.” மிக்ஸிக்குள் தலையை விட்டுக்கொண்டே சொன்னான். “அந்தம்மாவுக்கு எழுதப் போறியா, இல்ல இங்கியே உக்காந்துனு என் ஸ்குரூவத் தொலைக்கப் போறியா? மணி பன்னண்டு ஆவப்போவுது.”

---

முதல் தடவை எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினாள்.

‘நான் சொன்ன விதம் தவறாக இருந்திருக்கலாம். ஆனால் கருத்தளவில்…’

“நிறுத்து. ‘ஆனால்’ வந்தா அது மன்னிப்பு இல்ல, வக்கீல் நோட்டீஸு.”

இரண்டாவது தடவை.

‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’

“இருந்தாலா? ‘இனிமே வராதக்கா’ன்னு அழுதுகினே சொல்லியிருக்கு. அப்பறம் இன்னா இருந்தா?”

“நீயே எழுதேன் அப்ப!” என்று பேனாவை எறிந்தாள். பேனா மிக்ஸி ஜாருக்குள் விழுந்தது. அவன் எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தான்.

“நீ மெமோவத் திருத்தினியே, அந்த மாதிரி எழுது. சுத்தி வளைக்காம. இந்த தடவை தப்பு உன்னுது, அவ்ளோதான் வித்தியாசம்.”

மூன்றாவது தடவை அவள் யாருக்கும் படித்துக் காட்டாமல் ஒரே மூச்சில் எழுதினாள்.

‘நீல முக்கோணம் அவர்களுக்கு. போன வாரத்துக் கடைசி நாலு வரியை எழுதியது சிவப்பு வட்டம் அம்மா அல்ல. அவர் மகள். அம்மா வட்டம் போட்டுவிட்டுப் போன பிறகு அவருக்குத் தெரியாமல் எழுதினேன். அம்மாவுக்கு இன்றுதான் தெரியும். நீங்கள் செய்ததை நானும் என் அண்ணனுக்குச் செய்தேன். ரசத்தில் அல்ல, மோரில். என் மேல் இருந்த கோபத்தை உங்கள் மேல் காட்டினேன். நீங்கள் எங்களை நம்பிச் சொன்னீர்கள். நான் கல்லெடுத்தேன். அது தப்பு. எனக்குப் பதில் எழுத வேண்டாம். நோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.’

எழுதியதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அம்மா கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே படித்துக் காட்டினாள். மோர் என்ற வார்த்தை வந்தபோது அம்மா நிமிர்ந்தாள்.

“அதையும் எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“நான் நீட்டினேன்னும் எழுது. நீ மட்டும் ஏன் தனியாத் தூக்கற?”

அதற்கப்புறம் சுந்தராம்பாள் எழுந்து வந்து, நோட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

“எழுது. தங்கச்சி, என் பொண்ணு வாய் நீளம். கை அதுக்கும் மேல நீளம். படிக்க வெச்சது நான்தான், அதனால பாதித் தப்பு என்னுது. உன் முக்கோணம் சின்னதாப் போயிட்டத இன்னிக்குத்தான் பாத்தேன். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டுது. ரசத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ சொல்றத்தக் கேட்டுக்கினு இருக்கத்தான் நான் கீறேன். நீ எழுதாட்டியும் பரவால்ல, முக்கோணம் மட்டும் போடு. பெரிசாப் போடு.”

சொல்லி முடித்ததும் சிவப்புப் பேனாவைப் பிடுங்கி, கடைசி எழுத்துக்கு ஒட்டினாற்போல வட்டத்தைப் போட்டாள். ஒரு எறும்பு நுழைய இடம் விடவில்லை. பிறகு நோட்டை ராஜசேகர் பக்கம் நகர்த்தினாள்.

“நான் சொன்னததான் எழுதிகீறாளா, பாரு.”

“இன்ஸ்பெக்‌ஷனுக்கே இன்ஸ்பெக்‌ஷனா?” ராஜசேகர் வாய்விட்டுப் படித்தான். ஒரு சொல் மாறவில்லை. சசிரேகா முறைத்தாள்.

படித்து முடித்தவன் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“நானும் எழுதணும்.”

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்டு வீட்டுப் பெண்களுக்கானது. உள்ளே இருக்கிறவர்களைப் பற்றியது. உள்ளே இருக்கிறவர் எழுதலாமா என்பதற்கு முதல் பக்கத்தில் விதி ஏதும் இல்லை.

“இத்தினி பக்கமும் எங்களப் பத்தித்தான் எழுதிகினு கீறீங்க. கேரியருக்கெல்லாம் அழகா அடையாளம் போட்டீங்க. உள்ள கீற சோத்த ஒரு வார்த்த கேட்டீங்களா?”

சுந்தராம்பாள் பேனாவை நீட்டினாள்.

அவன் அடுத்த தாளில் நிதானமாக, டிராயிங் போடுகிற டர்னர் கையெழுத்தில் எழுதினான். சசிரேகா தோளுக்கு மேலாகப் படித்தாள்.

‘நான் சிவப்பு வட்டத்தின் பிள்ளை. மாத்திரை சாப்பிடுகிறவன். என் மோரில் கலந்ததைக் கண்டுபிடித்த அன்று மிகவும் கோபம் வந்தது. நாற்பது நாள் வாழைப்பழம் தின்றேன். பிறகு ஒரு நாள் அம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, “இதுதான் அது, வேணும்னா போடு” என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். அன்றும் நான் போடவில்லை. மூன்றாம் நாள் போட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி நடக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கு இப்போது யார் மேலும் கோபம் இல்லை. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.’

அடியில் ஆறு பட்டை வைத்த ஒரு நட்டைப் படமாக வரைந்தான். அது அவன் அடையாளம்.

“கேட்காமப் புத்தி சொல்லக் கூடாதுன்னு சட்டம் கீது” என்றாள் சசிரேகா. குரலில் பழைய விறைப்பு இல்லை.

“புத்தி இல்லடி, என் கதை. அதுவும் அந்தம்மாவுக்கு வேணாம்னா?” கொஞ்சம் யோசித்தான். பிறகு தான் எழுதிய தாளை மட்டும் எழுத்து உள்ளே போகும்படி பாதியாக மடித்தான். வெளியே தெரிகிற பக்கத்தில், ‘உள்ளே இருப்பது மாத்திரை கலந்ததைக் கண்டுபிடித்த ஒரு பிள்ளை எழுதியது. படிக்க இஷ்டம் இருந்தால் பிரிக்கவும். இல்லாவிட்டால் அப்படியே விடவும்’ என்று எழுதினான்.

சுந்தராம்பாள் வளையலில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கழற்றி, மடிப்பில் மாட்டிவிட்டாள்.

---

மூன்று மணிக்குக் கிளியம்மாள் வந்தாள். காலிக் கேரியரை வைத்தாள். “இன்னா சொல்ற?”

“எடுத்துனு போக்கா. ஆனா உள்ள வெச்சிட்டு வந்துடாதே. வாசல்ல நின்னு, ‘வேணுமா’ன்னு கேளு. வேணாம்னா ஒண்ணும் சொல்லாமத் திரும்பிடு.”

கிளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயா பேசற?”

“ஆமா. அப்பறம், அந்தம்மா யாருன்னு உன்னப் போட்டு ரெண்டு தடவை நோண்டினேன் இல்ல? இனிமே கேக்க மாட்டேன்.”

“கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே நோட்டைக் கூடையின் அடியில் வைத்தாள் கிளியம்மாள். வைத்தவள், மறக்காமல் வெற்றிலை கேட்டாள்.

சாயங்காலம் அண்ணாதுரை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வீடு கலகலவென்று இருந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி உயிர் வந்து, வெறும் ஜாரோடு கத்திக்கொண்டிருந்தது. சுந்தராம்பாள் சூடாகப் போண்டா போட்டிருந்தாள். அவருக்கு ஒரே ஆச்சரியம்.

“இன்னா விசேஷம்?”

“ஒண்ணும் இல்ல. துன்னு.”

“எனக்கும் இன்னிக்கு ஒரு விசேஷம்தான்.” போண்டாவை ஊதிக்கொண்டே சொன்னார். “நீல முக்கோணம் போட்ட கேரியர் ஒண்ணு நம்ம கேரியர் பக்கத்துலயே வரும். ரெண்டு வருஷமா அந்த ஆளும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் துன்றோம். ‘மழ வருமா, ஓ.டி. கீதா’, அத்தத் தாண்டி ஒரு பேச்சு கெடையாது. இன்னிக்கு மூடில ரசத்த ஊத்தி எங்கிட்ட நீட்டி, ‘என் பையனுக்கும் மனசு சரியில்லைங்க, கேள்விப்பட்டேன், உங்க பையன் மாதிரிதான்’ன்றாரு. சோத்துல கைய வெச்சிகினு ரெண்டு பேரும் அப்படியே உக்காந்துட்டோம். சைரன் ஊதினதுகூடக் காதுல வுழல.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“ரசம் எப்படிப்பா இருந்திச்சி?” என்றான் ராஜசேகர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“அமிர்தம்டா.”

“மத்தியானம் தூக்கம் வந்திச்சா?”

“ரசத்துக்கு எதுக்குடா தூக்கம் வருது?”

சுந்தராம்பாள் வந்து மகன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அண்ணாதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வீடு சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

“அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா நீ ஆடிப் போயிடுவே, சசி. தெனமும் உங்கிட்டத் திட்டு வாங்கறவருதாம்மா. நம்ம…”

“அப்பா!” சசிரேகா ஒரு போண்டாவை எடுத்து அவர் வாயிலேயே திணித்தாள். “பேரு வேணாம். எனக்குச் சொல்லாதீங்க. எப்பவும் சொல்லாதீங்க.”

அவர் மென்றபடி விழித்தார்.

நாளைக் காலை, எந்த ஊர் வாசலிலோ கிளியம்மாள் நோட்டோடு நிற்பாள். ஊக்கு கழறுமா, கழறாதா, தெரியாது. அதே நேரத்துக்குச் சசிரேகா லைனில் நிற்பாள். லைனில் நாற்பது பேர். அவளிடம் தினமும் திட்டு வாங்காதவர் என்று அதில் ஒருவரும் கிடையாது, மெமோ கொடுத்த சூப்பர்வைசர் உட்பட.

வேறு வழியில்லை. நாற்பது பேரிடமும் ஒழுங்காகப் பேசித் தொலைக்க வேண்டியதுதான்.